சபுரும் தாமதமும்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு பத்து நாளான உம்மாவுக்கு இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் அடிக்கிறது. "யாருக்கும் தொந்தரவு வேண்டாம், சுபுஹு வரை பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார். ஒரு மாத்திரையைக் கொடுத்து, துஆ ஓதிவிட்டு நாமும் படுத்துவிடுகிறோம். இது சபுர் ஆகுமா?

ஆகாது என்போம். அம்மருந்து புற்றணுக்களை அழிப்பதோடு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகிறது. பெரும்பாலும் மருந்தேற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் அவை மிகவும் தாழ்ந்திருக்கும். அப்போது சீழோ வீக்கமோ தோன்றாமல், காய்ச்சல் ஒன்றே நோய்த்தொற்றின் அடையாளமாகலாம். வெப்பமானி 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால் விடியும்வரை காத்திருக்கலாகாது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மருத்துவரைக் கேளாமல் கொடுக்கும் மாத்திரை சூட்டைத் தணித்து ஆபத்தை மறைத்துவிடும். மருத்துவமனை சேர்ந்த 1 மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் மருந்து ஏற வேண்டும் என மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். கையால் ஆனதைச் செய்தபின் முடிவை ஏற்பதே சபுர். செய்யாமலிருந்துவிட்டு அப்பெயரைச் சூட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும்.

உம்மா மறுப்பது சிகிச்சையை அன்று. நம் உறக்கம் கெடுவதைத்தான். அந்த அன்பைச் சாக்காக்கிக்கொண்டு நாம் உறங்கலாமா? வண்டியை அழைப்போம். துஆவை வழியிலும் ஓதலாம்.