ஏறுகிறவருக்கு வழி



மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கல்லாற்றங்கரைப் பாக்குத் தோப்புகளின் குளிர்ந்த நிழலைக் கடந்து, நீலகிரி மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்புகிறபோது, சமவெளியிலேயே பிறந்து வளர்ந்த எவருடைய உள்ளத்திலும் ஒரு சிறு கலக்கமும், அதனின்றும் பிரிக்க முடியாத ஓர் உற்சாகமும் ஒருங்கே தோன்றுவது இயல்பு. சென்ற தை மாதம், பொங்கல் விடுமுறையில், நாங்கள் குடும்பத்தோடு அவ்வழியே பிரயாணம் போனோம். குடும்பம் என்றால் நான்கு தலைமுறை. 82 வயதான என் தாயார், நானும் என் மனைவியும், எங்கள் மகனும் மருமகளும், அவர்களுடைய 6 வயதுச் செல்வமகள், இத்தனை பேரும் ஒரே வேனில்.

என் தாயார் எளிதில் புறப்பட்டுவிடவில்லை. "எனக்கெதுக்குடா இந்த வயசிலே மலையும் மடுவும்? உங்களுக்குப் பாரமா நான் வேறே வரணுமா?" என்று இரண்டு நாள் மறுத்தார். விருத்தாப்பியத்தில் மனிதருக்கு வரும் வேதனைகளுள் மூட்டு வலியைக் காட்டிலும் கொடியது, தாம் பிறருக்குப் பாரமாகிவிட்டோமோ என்கிற இந்தச் சந்தேகந்தான். அவர் பேரன் விடவில்லை. இத்தனை மணிக்குப் பர்லியாறு, இத்தனை மணிக்குக் குன்னூர், இத்தனை மணிக்கு உதகை என்று ஒரு காகிதத்தில் அட்டவணை போட்டுக்கொண்டு வந்து, பாட்டியின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டான்.

அந்த அட்டவணை பர்லியாற்றைத் தாண்டவில்லை. வளைவுகள் சுற்றச் சுற்றக் குழந்தைக்கு வயிற்றைப் புரட்டிற்று. அவளுக்காக வண்டியை நிறுத்தினோம். அவள் தெளிந்து ஏறிய சிறிது நேரத்திற்கெல்லாம் என் தாயாருக்குக் கால் மரத்துப் போயிற்று, அவருக்காக நிறுத்தினோம். குழந்தைக்குக் கொடுத்த எலுமிச்சம்பழத்தையே தாயாரும் வாங்கி முகர்ந்தார். தாயாருக்கென்று வெந்நீர்க் குடுவையைத் திறந்தால் குழந்தையும் ஒரு வாய் கேட்டாள். அவ்விருவருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. ஒரே நேரத்தில் தூக்கம் வந்தது. சாலையோரக் குரங்கு ஒன்று தன் குட்டியைத் தழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு இருவருக்கும் ஒரே அளவு ஆச்சரியம் உண்டாயிற்று. கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நடுவயதினராகிய நாங்கள் மட்டுமே. வேகத்தை நிர்ணயித்தவர்கள் குடும்பத்தின் இரண்டு கோடிகளிலும் இருந்த அந்த இருவர். அப்படி நின்று நின்று போனதால்தான், பலா மரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறியிருக்கும் அழகையும், பள்ளத்தாக்கின் மறுகரையில் புகைவிட்டுக்கொண்டு மலை ரயில் ஏறுவதையும் நாங்கள் கண்ணாரக் காண நேர்ந்தது.

குன்னூருக்குக் கீழே ஒரு வளைவில், மேலிருந்து காய்கறி மூட்டைகளோடு ஒரு பெரிய லாரி இறங்கி வந்தது. அந்த இடத்தில் இரண்டு வண்டிகள் சேர்ந்து திரும்ப வழியில்லை. எங்கள் வேனைக் கண்டதும் அந்த லாரி பாறையோரமாக ஒதுங்கி, பெருமூச்சு விட்டாற்போல் ஓர் ஓசையோடு நின்றுவிட்டது. நாங்கள் கடக்கும்போது எங்கள் ஓட்டுநர் கையை உயர்த்தினார், லாரி ஓட்டுநரும் உயர்த்தினார்.

"அவ்வளவு பெரிய லாரி நமக்காக ஏன் நிக்குது, தாத்தா?" என்று பேத்தி என்னைக் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஓட்டுநர்தான் சொன்னார்: "ஏர்ற வண்டிக்கு எறங்கற வண்டி வழி விடோணும் கண்ணு. அதுதான் மலைச் சட்டம்."

அது ஓட்டுநர்களுக்குள் இருக்கும் வெறும் மரியாதை என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டின் சாலை விதிகளிலேயே, இரு வண்டிகள் தாராளமாக விலகிச் செல்ல அகலமில்லாத மலைச்சாலையில் இறங்கி வருகிறவர் ஓரமாக நின்று ஏறி வருகிறவருக்கு இடம் தரவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஏறுகிற வண்டி நடுவில் நின்றுவிட்டால், சேர்த்து வைத்திருந்த வேகம் முழுவதும் வீணாகி, மறுபடி முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டும். சற்றே தவறினாலும் பின்னோக்கி உருண்டுவிடும். இறங்குகிற வண்டியோ, நின்ற இடத்திலிருந்து தன் பாரத்தாலேயே மீண்டும் புறப்பட்டுவிடும். ஆகவே, நிற்பது யாருக்கு எளிதோ அவர் நிற்கவேண்டும் என்பதே அந்த விதியின் தாத்பரியம். வலியவர், எளியவர் என்ற கணக்கு அங்கே இல்லை. சரக்கு நிறைந்த லாரியும் ஒரு மொபெட்டுக்காக நிற்கும்.

குன்னூரில், 1874ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்காவுக்குப் போனோம். சமதளமாக வெட்டாமல், மலைச்சரிவு எப்படி இருந்ததோ அப்படியே அதில் மரங்களையும் மலர்ப் பாத்திகளையும் இசைத்து அமைத்த பூங்கா அது. அங்கே ஒரு ருத்திராட்ச மரம் இருக்கிறது. அறுபது ஆண்டுகளாக ருத்திராட்ச மாலையை உருட்டி ஜபம் செய்துவரும் என் தாயார், அந்த மரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் பேரனைக் கையிலே வச்சுக்கிட்டுத் தாத்தாவை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். உதகைத் தாவரவியல் பூங்காவில், 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தையதென்று சொல்லப்படும் கல்லாய் உறைந்த அடிமரத்தைக் காட்டி, "இது பெரிய பாட்டியைவிட வயசானதா?" என்று குழந்தை கேட்டபோது, அவர் சிரித்த சிரிப்பில், பாரம் என்ற சொல்லே அவருக்கு மறந்து போயிருந்தது.

தை மாதமாகையால் உதகையில் உறைபனி. மறுநாள் விடியலில் புல்வெளியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பொங்கல் கோலங்களின் ஞாபகம் மாறாத குழந்தை, "யாரோ கோலப்பொடியைக் கொட்டிட்டாங்க" என்றாள். கண்ணுக்கு அழகான அந்தப் பனி, திறந்த வெளியில் முளைக்கும் இளஞ்செடிகளுக்கு யமன் என்பதை அன்று பகல் கோத்தகிரிக்கு அருகே அறிந்துகொண்டேன்.

கோத்தகிரியை அடுத்து லாங்வுட் சோலை என்று ஒரு காடு இருக்கிறது. பரப்பு 116 ஹெக்டேர்தான். ஆயினும் சுற்றுப்புற ஊர்கள் பலவற்றிற்குத் தண்ணீர் தரும் ஊற்றுக்கண் அது. அனுமதி பெற்று, என் தாயார் நடக்கக்கூடிய தூரம் மட்டும் உள்ளே போனோம். வானளாவிய மரங்கள் அங்கே இல்லை. முறுக்கேறிய கிளைகளில் பாசி போர்த்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கூட்டுக் குடும்பம்போல் நிற்கும் குறுமரங்களே அங்கு உள்ளவை. சோலை மரத்தின் கன்று, பக்கத்திலேயே பரந்து கிடக்கும் புல்வெளியில் எளிதில் பிழைப்பதில்லை. பனி அதைக் கருக்கிவிடுகிறது. மூத்த மரங்களின் குடைக்கீழ்தான் அது உயிர் தரிக்கிறது. அங்கேயே பல காலம் சிறு செடியாகவே பொறுத்திருந்து, என்றேனும் ஒரு முதுமரம் சாய்ந்து, அந்த இடைவெளியில் வெயில் இறங்குகிறபோது, விறுவிறுவென்று மேலே எழுகிறது. நிற்கும்வரை நிழல், சாய்ந்தபின் ஒளி. முதியது இளையதற்குத் தருவது இவ்விரண்டையும். பாசி படிந்த ஓர் அடிமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்ற என் தாயாரையும், அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையையும் கண்டபோது, முந்தைய நாள் ஓட்டுநர் சொன்ன மலைச் சட்டம் என் மனத்தில் மறுபடி எழுந்தது.

அந்தச் சட்டத்தில் வரும் வழி என்ற சொல்லை நம் முன்னோர் ஆண்ட நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். கால் நடக்கும் பாதைக்கும் வழி என்றே பெயர். குலம் நடக்கும் பரம்பரைக்கும் வழி என்றே பெயர். பிள்ளைகளை வழித்தோன்றல்கள் என்கிறோம்; பழக்கங்கள் வழிவழியாக வருகின்றன என்கிறோம். நாங்கள் நின்ற கோத்தகிரிப் பக்கத்துக்கு 1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தபோது வண்டிச் சாலை கிடையாது. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் முதலானோர் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. பின்னர் சமவெளிச் சிறுமுகையிலிருந்து இப்பக்கத்துத் திம்பட்டிக்கு அவர் போடுவித்த பாதை 1823ஆம் ஆண்டில் முடிந்தது. முன்னே போனவர் விட்டுப்போனதில்தான் பின்னே வருகிறவர் நடக்கிறார். அப்படியானால் வழி விடுவதென்பது விலகிப் போவதன்று. ஒன்றை விட்டுச் செல்வது.

மூன்றாம் நாள் கோத்தகிரிச் சாலை வழியாக இறங்கினோம். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலை ஓட்டுநரின் இன்னொரு பாடம். இறக்கந்தானே என்று அலட்சியமாக விட்டால் பிரேக் சூடேறி ஏமாற்றிவிடும். மெள்ள மெள்ள இறங்கி வந்தபோது, ஒரு வளைவில் கீழிருந்து பேருந்தொன்று திணறிக்கொண்டு ஏறி வந்தது. எங்கள் ஓட்டுநர் வேனை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ஏன் நிக்கிறோம்?" என்றாள் குழந்தை, தூக்கக் கலக்கத்தில்.

இம்முறை விடை சொன்னவர் என் தாயார். "நாம எறங்குறோமில்லையா, கண்ணு? அவங்க ஏறட்டும்."

பேருந்து கடந்தது. அதன் சன்னலோரத்தில் யாரோ ஒரு சிறுவன் கையசைத்தான்; சுருக்கம் விழுந்த தம் கையை வெளியே நீட்டி என் தாயாரும் அசைத்தார். அந்த முகத்தில் பாரமாகிவிட்டோம் என்ற குறையைக் காணோம். ஒரு காரியத்தைத் தாமே முன்னின்று செய்தவரின் நிறைவே தெரிந்தது.

இன்று வீட்டை விட்டுப் புறப்படுகையில், நம் இல்லத்தில் ஏறிக்கொண்டிருப்பவர் யார், அவருக்காகச் சற்றே ஒதுங்கி நிற்பவர் யார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்ப்போம். நின்றவரை நோக்கிக் கையுயர்த்தி ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போவதும் அந்த மலைச் சட்டத்தின் ஒரு பகுதிதான்.