உடம்பைப் புகழ்வது மதிப்பதாகுமா?

ஒருவனுடைய உடல் வலுவைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் அவனை மனுசனாக மதிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா? ஆலன் பேஜின் வாழ்க்கையை வைத்து இதைப் பேசலாம்.

பேஜ் 1945இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் பிறந்த கறுப்பர். அமெரிக்கக் கால்பந்து பேருக்குத்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை மோதிச் சாய்க்கிற ஆட்டம் அது. பேஜுக்குத் தடுப்பு வரிசை, சாய்க்கிற வேலை. 1967இல் மினசோட்டா வைகிங்ஸ் அணிக்கு வந்தார். 1971இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்வானார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுதான் முதல்முறை.

ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978இல் பட்டம் வாங்கினார். அதே வருசம் வைகிங்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கியதால் எடை குறைஞ்சுபோச்சாம். அவர்கள் தராசு உடம்பை மட்டும்தான் நிறுத்தது. பிறகு சிகாகோ பேர்ஸ் அணியில் 1981 வரை ஆடினார்.

பேஜ் சொன்ன ஒரு சம்பவம் முக்கியமானது. பயிற்சியாளர் ஆட்ட உத்திகள் எழுதிய ஏட்டைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். சில ஆட்டக்காரர்களால் வாசிக்க முடியவில்லை. எல்லாரும் கல்லூரிவரை போனவர்கள்! எழுத்துத் தெரியாமல் எப்படித் தாண்டி வந்தார்கள்? தாண்ட விட்டார்கள். களத்தில் மோதுவதற்கு உடம்பு வேணும், அதுக்கு எழுத்து எதுக்கு? இதை இரக்கம் என்பதா, திருட்டு என்பதா? திருட்டு என்றுதான் நான் சொல்வேன். கைதட்டலைக் கூலியாகக் கொடுத்துவிட்டு அறிவைப் பிடுங்கிக்கொண்ட திருட்டு.

“அப்படின்னா உடலுழைப்பு கேவலமா?” என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. உழைக்கிற உடம்பைக் கேவலம் என்பது ஆதிக்கத்தின் பேச்சு. உனக்கு உடம்பு மட்டும்தான் என்று அடுத்தவன் தீர்மானிக்கிறானே, அதுதான் அநீதி.

இன்னொரு வாதமும் வரும்: “பேஜ் முன்னேறலையா? மத்தவங்களும் முயற்சி பண்ணலாமே.” இதற்குப் பேஜின் செயலே பதில். 1988இல் கேன்டனில் இருக்கிற கால்பந்துப் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, தன்னை அறிமுகம் செய்ய அவர் பயிற்சியாளரைக் கூப்பிடவில்லை, ஒரு பள்ளித் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார். மேடையில் கல்வியைப் பற்றிப் பேசினார். அந்த வருசமே கல்வி அறக்கட்டளை தொடங்கினார். உதவித்தொகை வாங்கும் மாணவர்கள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பில் துணை நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. தான் ஒருவன் ஏறியது போதும் என்று நினைக்கிறவர் இப்படி நிபந்தனை வைப்பாரா? ஒருவர் ஏறிவிட்டதைக் காட்டி வழி திறந்திருக்கிறது என்பது, அடைத்தவர்களைக் காப்பாற்றுகிற வாதம்.

1992இல் மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்கு மக்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அமர்ந்த முதல் கறுப்பர் அவர். எழுபது வயதில், 2015இல், ஓய்வு பெற்றார்.

1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அதில் சுட்டினார். அதனால் பேஜின் கதை நமக்கு அந்நியமில்லை. சிறுவயதில் அந்தப் புகழ்மண்டபத்தைக் கட்டிய வேலையாட்களில் பேஜும் ஒருவர். அங்கே வேலை செய்த கையும் பின்னால் தீர்ப்பு எழுதிய கையும் ஒன்றுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவனின் கைதட்டல் நமக்கு வேண்டாம்.