பாவனையில் வாய்மை

வடசிலாங்கூரில், கோல குபு பாருவை அடுத்து, அம்பாங் பெச்சா என்னும் சிற்றூர் உள்ளது. மலாய் மொழியில் 'அம்பாங்' என்பது அணையையும் 'பெச்சா' என்பது உடைதலையும் குறிக்கும். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்தது. பழைய கோல குபு நகரம் வெள்ளத்தில் அழிந்தது. அவ்வட்டாரத்து ஆங்கில அதிகாரி சிசில் ரேங்கிங் உள்ளிட்ட பலர் மாண்டனர். அவ்வதிகாரி வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதனாலேயே அணை உடைந்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. கதை மனத்துக்கு ஒரு பொருளைத் தரும். ஆயினும், அடுத்த அணையைக் கட்டப் புகுவோனுக்குக் கதை போதாது. மண்ணின் உறுதியும் நீரின் அழுத்தமும் அளவுகளாகவே வேண்டும்.

கதைக்கும் அளவுக்கும் உள்ள இவ்வேறுபாடு, இன்றைய இளைஞர் பொழுதுபோக்கு ஒன்றிலும் அறக்கேள்வியாக எழுகின்றது. கணினித் திரையில் விண்கலம் செலுத்தும் பாவனைச் செயலிகளுக்கு, மீளப் பயன்படும் ஏவூர்திகளை ஆக்கித் தருவதே அப்பொழுதுபோக்கு. அங்கே அணை உடைவதில்லை, உயிர் போவதுமில்லை. எவருக்கும் கேடு செய்யாத பாவனை ஒன்றில் வாய்மைக்கு இடம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் என்பார் 2000ஆம் ஆண்டில் 'ஆர்பிட்டர்' என்னும் செயலியை வெளியிட்டார். அது எவரிடமும் விலை பெறாது வழங்கப்பட்டது. 2021இல் அதன் மூலநிரலும் பொதுவில் வைக்கப்பட்டது. நியூட்டனின் இயக்க விதிகளே அதன் அடித்தளம். கற்பவர் தாமே புதிய கலங்களை ஆக்கி அதனோடு இணைக்கலாம். இவ்விணைப்புகளை 'ஆட்-ஆன்' என வழங்குவர். கலத்தின் உருவை வரைவது ஒரு பாதி வேலை. அதன் நிறை, எரிபொருள், உந்துவிசை, காற்றுத் தடை ஆகியவற்றை எண்களாக எழுதுவது மற்றொரு பாதி. காண்போர் வியப்பது முதற்பாதியை. கலத்தின் உண்மை உறைவதோ இரண்டாம் பாதியில்.

மீளப் பயன்படும் ஏவூர்தியில் இவ்வெண்கள் மிகக் கடுமையானவை. பூமியைத் தாழ்வாகச் சுற்றிவர நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஏவூர்தியின் வேகம் எரிபொருளின் அளவைப் பொறுத்து எவ்வாறு அமையும் என்பதை உருசிய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903இலேயே சமன்பாடாக எழுதி வெளியிட்டார். திரும்பி வருவதற்கென ஒதுக்கிய எரிபொருளும், தரையில் நிற்பதற்கான கால்களும் ஏறும்போது வெறும் சுமையே. அச்சுமைக்கு ஈடாக, மேலே கொண்டு செல்லும் பொருளைக் குறைத்தாக வேண்டும்.

2015 டிசம்பர் 21 அன்று 'பால்கன் 9' ஏவூர்தியின் முதற்கட்டம் செங்குத்தாகத் தரையிறங்கியது. அதன் எரிபொருள் ஏறத்தாழத் தீர்ந்த நிலையில், ஒரே ஒரு பொறியை இயன்ற மட்டும் தணித்து இயக்கினாலும், அதன் விசை கலத்தின் எடையை விஞ்சிவிடும். ஆகவே, அது அந்தரத்தில் நின்று நிதானித்து இறங்க இயலாது. உயரமும் வேகமும் ஒரே நொடியில் சுழியமாக வேண்டும். பொறியை முந்தி மூட்டினால் கலம் மீண்டும் மேலெழும். பிந்தி மூட்டினால் தரையில் மோதிச் சிதறும்.

இவற்றையெல்லாம் அறிந்த ஓர் ஆக்குநருக்கு ஓர் எளிய வழியும் திறந்தே இருக்கின்றது. எரிபொருள் செலவாகும் எண்ணைச் சற்றுக் குறைத்துவிட்டால் போதும். அவரது ஏவூர்தி ஒவ்வொரு முறையும் அழகாக இறங்கி நிற்கும். காண்போர் பாராட்டுவர். எவரும் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கப் போவதில்லை. இதில் தவறு என்ன?

தவறில்லை என்று வாதிடுவோர் வள்ளுவரையே துணைக்கு அழைக்கக்கூடும். தீமை சிறிதும் பயவாத சொல்லே வாய்மை என்று வரையறுத்தவர் அவர். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றவரும் அவரே. தொடர்ந்து மோதிச் சிதறும் கலத்தைக் கண்டு மனம் சோரும் சிறுவனுக்கு எளிதாய் இறங்கும் கலம் ஊக்கம் தருமன்றோ? அதனால் எவர்க்கு என்ன கேடு?

இவ்வாதம் வலுவுடையது போலத் தோன்றினும், வள்ளுவர் வைத்த நிபந்தனையை அது மறந்துவிடுகின்றது. விளையும் நன்மை குற்றமற்றதாதல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. பொய்யான எண்ணால் பிழைத்த கலம் சிறுவனுக்கு மகிழ்ச்சியைத் தருகின்றது. ஆனால், தான் கற்றுவிட்டதாக ஒரு மயக்கத்தையும் உடன் தருகின்றது. நன்மை என்று கொடுத்ததற்குள்ளேயே கேடு ஒளிந்திருக்கின்றது. தன்னிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்பதை அவன் அறியவும் வழியில்லை.

அங்ஙனமாயின் கற்பனைக் கலம் ஆக்குவதே பிழையோ எனின், அன்று. ஆர்பிட்டரிலேயே 'டெல்டா கிளைடர்' என்னும் கலம் ஒன்று உண்டு. அது மிகுந்த உந்துவிசையும் மிகக் குறைந்த எரிபொருள் செலவும் உடையது. புதிதாய்ப் பழகுவோரும் அதனைக் கொண்டு எளிதில் சுற்றுப்பாதையை அடையலாம். இஃது எதிர்காலக் கற்பனை என்பதைச் செயலியின் கையேடே மறைக்காமல் கூறுகின்றது. அதே செயலியில் 'அட்லாண்டிஸ்' என்னும் உண்மையான விண்ணோடமும் உண்டு. அதனைச் செலுத்துவது அத்துணை எளிதன்று. இரண்டும் அருகருகே நிற்கின்றன. எது எத்தகையது என்பதில் ஐயமில்லை. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று தொல்காப்பியர் இரண்டைக் குறித்ததைத் தமிழ் கற்றோர் அறிவர். நாடக வழக்கு பொய்யன்று. அது நாடகம் என்பது கேட்போர்க்குத் தெரியும். கற்பனையை உலகியல் என்று சொல்லிக் கையில் கொடுப்பதே பொய்.

இந்தியாவின் மீளப் பயன்படும் கலமும் இதற்குச் சான்றாகும். புராணப் புட்பக விமானத்துக்கு எரிபொருள் இவ்வளவு என்று எந்தப் புலவரும் கணக்குக் காட்டவில்லை, காட்ட வேண்டுவதுமில்லை. ஆனால், அதன் பெயரை ஏற்ற இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் 'புஷ்பக்' கலத்துக்கு ஒவ்வோர் எண்ணும் கணக்கில் வேண்டும். அத்திட்டத்தின் முதற்கலம் 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரம் சென்றது. பின்னர், கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் 2023 ஏப்ரல், 2024 மார்ச்சு, 2024 ஜூன் ஆகிய திங்கள்களில் தரையிறங்கும் சோதனைகள் நடந்தன. இச்சோதனைகளில் கலம் விண்வெளிக்குச் செல்லவில்லை. உலங்கூர்தி ஒன்று அதனை 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்தது. விண்ணிலிருந்து மீளும் கலத்தின் இறுதிக் கட்டத்தைப் பாவித்த சோதனை அது; அவ்வாறே அறிவிக்கவும் பட்டது. மூன்றாம் முறை, ஓடுபாதைக்கு நேரே விடாமல், 500 மீட்டர் விலக்கி விட்டனர். பாவனையை எளிதாக்காது கடினமாக்கிய அறிவு போற்றத்தக்கது.

சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதியது. விழுப்புரத்துத் தமிழர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராய் இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 அன்று மெல்லத் தரையிறங்கியது. எவையெல்லாம் நன்றாக நடக்கும் என்று எண்ணாமல், எவையெல்லாம் பழுதாகக்கூடும் என்று எண்ணிப் பிந்திய கலம் வடிவமைக்கப்பட்டது. தோல்வியை மறைக்காத பாவனையே வெற்றியைத் தாங்கும் அடித்தளமாயிற்று.

இக்கேள்வி ஏவூர்தியோடு முடிவதன்று. பள்ளிக்கூடத்தின் வாயிலிலும் வந்து நிற்கின்றது. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. இன்று வகுப்புசார் மதிப்பீட்டில் மாணவனின் அடைவு நிலையை, ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்ணாக, ஆசிரியரே எழுதுகின்றார். வாசிக்கத் தடுமாறும் தோட்டப்புறத்துச் சிறுவனுக்கு இரண்டு என்று எழுதக் கை கூசும்; நான்கு என்று எழுதினால் பெற்றோர் மகிழ்வர், பள்ளியும் நற்பெயர் பெறும். எவரும் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கப் போவதில்லை. இங்கும் அதே எளிய வழி. இங்கும் அதே இரக்கத்தின் வேடம். எழுதப்பட்ட நான்கு, அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவியைத் தடுத்துவிடுகின்றது. அவன் இடைநிலைப்பள்ளியில் விழும்போது, அது பாவனை வீழ்ச்சி அன்று.

உண்மை எண்ணை எழுதுவதால் ஆசிரியர் கடுமையானவர் ஆகிவிட மாட்டார். இரண்டு என்று எழுதிவிட்டு அவனருகே அமர்ந்து கற்பிப்பவரே கனிவுடையவர். சிதறிய கலத்தை மீண்டும் ஏவ மேடையில் நிறுத்துவது பாவனைச் செயலியின் கனிவு. எரிபொருள் எண்ணைத் திருத்துவது அதன் கனிவன்று. பிழைக்கு இடம் கொடுப்பது வேறு, பிழையை மறைப்பது வேறு.

அணை உடைந்ததை அம்பாங் பெச்சா தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. உடைந்தது உடைந்தது என்றே அவ்வூர் சொல்கின்றது. திரையில் சிதறும் ஏவூர்தியும், ஏட்டில் எழுதப்படும் எண்ணும் அங்ஙனமே சொல்லுமாயின், பின்னொரு நாளில் கட்டப்படும் அணை நிற்கும். ஏறும் கலம் திரும்பும். கற்கும் பிள்ளை கரை சேரும்.