பெட்டிக்குப் பூட்டு, சேரிக்கு?

எந்திரத்துக்குள் கைவைக்க முடியுமா முடியாதா என்றுதான் எங்கே பார்த்தாலும் பேச்சு. 1989-ல் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்து எந்திரத்துக்கு இடம் கொடுத்தார்கள். 2013-ல் விதியைத் திருத்தி ஒப்புகைச் சீட்டையும் கொண்டு வந்தார்கள். சரி, நல்லதுதான். ஆனால் சட்டம் காபந்து பண்ணுவது ஓட்டையா, ஓட்டுப் போட்ட ஆளையா?

மேலவளவில் 1996 டிசம்பரில் ஓட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். மறுபடி போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். அன்றைக்குப் பெட்டி பத்திரமாகத்தான் இருந்தது. 1997 ஜூன் 30-ல் அவர் வந்த பஸ்ஸை மறித்து, அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

1961 தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ என்று ஒன்று உண்டு. ஓட்டுப் போட்டவர்களை மிரட்டுவார்கள், பழிவாங்குவார்கள் என்று ஆணையம் கருதுகிற இடத்தில், பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணலாம். எந்திரம் வந்ததும் அது போச்சு. இப்போது பூத் பூத்தாக எண்ணி, 20-ஆம் படிவத்தில் யாருக்கு எத்தனை என்று போட்டுவிடுகிறார்கள். ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியாமல்தானே காலனிக்குத் தனி பூத் கேட்டு வாங்கினோம்? அந்தக் கணக்கே இன்று ஊர்க்காரன் கையில் இருக்கிறது. என் ஓட்டு ரகசியமாம். என் சேரியின் ஓட்டு பகிரங்கம். சாதி நம்மை ஆளாளாகவா அடிக்கிறது? தண்ணியை நிறுத்தினால் தெருவுக்கே நிற்கும். வேலைக்கு வராதே என்றாலும் தெருவுக்கேதான்.

பல எந்திரங்களைச் சேர்த்து எண்ணும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பூத் கணக்கு கட்சிகளுக்கு வேண்டியிருக்கிறது, வேறென்ன!

தோழர் ஒருவர் மடக்கினார்: “கலந்துட்டா திருட்ட எப்படிப்பா புடிப்ப?” நியாயமான கேள்வி. 2019-லிருந்து சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத்தில் சீட்டை எண்ணி எந்திரத்தோடு ஒத்துப்பார்க்கிறார்கள். கலந்தால் அந்தச் சோதனை சிக்கலாகும். அதற்கு வழி தேடுவது எஞ்சினியர் வேலை. திருட்டைப் பிடிக்க நம்ம சனங்களைக் காட்டிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என்னால் ஒப்ப முடியாது. “பயமில்லாம வெளிய சொல்லிட்டுப் போடு” என்கிறவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் அதே ஆள் வயலில் நடவுக்குப் போக வேண்டிய பெண்ணிடம் அந்தத் துணிச்சலைக் கேட்க இவர்கள் யார்?

59ஏ-யில் சீட்டுக்கு எழுதிய அந்த ஏற்பாட்டை எந்திரத்துக்கும் எழுது என்கிறோம். தனி பூத் உள்ள காலனிகளிலிருந்தே தொடங்கட்டும்.