அருவருப்பும் அருளும்

‘எனது செல்லப் பிராணி’ என்னும் தலைப்பில் நம் மாணவர் எழுதும் கட்டுரைகளை முப்பது ஆண்டுகளாகத் திருத்தி வந்திருக்கிறேன். அவற்றுள் முயலைப் பற்றியன பல. பஞ்சு போன்ற வெண்மயிர், பவளம் போன்ற கண்கள், நீண்ட செவிகள், துள்ளும் நடை, அன்போடு ஊட்டும் காரட்டு ஆகியவை தவறாமல் இடம்பெறும். அவ்வாறு எழுதியவர்களுக்கு நானும் தாராளமாக மதிப்பெண் வழங்கியிருக்கிறேன். முயலுக்குப் பின்புறம் ஒன்று உண்டென்றும், அது அழுக்குறும் என்றும், அவ்வழுக்கை யாரேனும் துடைத்தாக வேண்டும் என்றும் எந்த மாணவனும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். கட்டுரைக்கு ஆகாத செய்தி அது என்பது என் அன்றைய கொள்கை. அக்கொள்கை ஓர் உயிரைப் பலிகொண்ட பின்னரே அதனை நான் ஆராயத் தொடங்கினேன்.

2023ஆம் ஆண்டு சீனர் நாட்காட்டியின்படி முயலாண்டு. கிள்ளான் வட்டாரத்தில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு, பெற்றோர் ஒருவர் அவ்வாண்டின் தொடக்கத்தில் இரண்டு முயல்களை அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்தார். ஒன்று குட்டை மயிர். மற்றொன்று நீண்ட மயிருடைய வெள்ளை. சிற்றுண்டிச் சாலைக்கு அருகில் கூண்டு அமைத்தோம். உயிரிரக்கத்தைப் பிள்ளைகள் ஏட்டில் மட்டும் படித்தால் போதாது, கண்ணாலும் கையாலும் கற்க வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் உரையாற்றினேன். உணவூட்டுவதற்கு வகுப்புவாரியாக முறைப் பட்டியல் ஒன்றும் தயாராயிற்று. பிள்ளைகள் போட்டியிட்டுக்கொண்டு காரட்டும் வாழைப்பழமும் ரொட்டியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தனர். கூண்டைக் கழுவும் வேலை மட்டும் பட்டியலில் இல்லை. அது பள்ளியில் துப்புரவுப் பணி செய்யும் அம்மையாருக்குரியது என்று யாரும் சொல்லாமலே முடிவாயிற்று.

முயலின் உடலமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அறவியல் கட்டுரையில் இஃது எதற்கு என வாசகர் பொறுமை இழத்தல் கூடாது. முயல் இருவகைக் கழிவை வெளியேற்றுகிறது. ஒன்று, நாம் அனைவரும் அறிந்த உலர்ந்த உருண்டைப் புழுக்கை. மற்றொன்று மென்மையாய்ப் பளபளத்து, சிறு திராட்சைக்கொத்துப் போல் வருவது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்திலுள்ள பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்வதால் உண்டாகும் சத்து அதில் நிறைந்திருக்கிறது. முயல் குனிந்து அதனை நேரே வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். நமக்கு அருவருப்பாகத் தோன்றும் இச்செயலே முயலுக்கு உயிர்ச்சத்தும் புரதமும் தருவது. புல்லும் உலர்புல்லுமே பெரும்பகுதியாய் உண்ணும் முயலுக்கு இவ்வொழுங்கு பிழைப்பதில்லை. மாவும் சர்க்கரையும் மிகுந்த தீனியைக் கொடுத்தாலோ மென்கழிவு இளகிவிடும். அல்லது சத்து மிகுதியால் முயல் அதனை உண்ணாது விட்டுவிடும். உடல் பருத்த முயலுக்குக் குனிய இயலாது. பல் நோயுற்ற முயலுக்கும், மூட்டு வலிக்கும் கிழ முயலுக்கும் அதே நிலைதான். அப்பொழுது கழிவு வாலடியிலும் தொடை மயிரிலும் ஒட்டிக் களிமண்போல் இறுகும். சிறுநீரும் சேர்ந்தால் தோல் வெந்து புண்ணாகும்.

அவ்விடத்தில் ஈ வந்து முட்டையிடும். வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் நாட்டில் அம்முட்டை ஒரு நாளுக்குள்ளேயே பொரிந்துவிடும். புழுக்கள் முதலில் அழுக்கையும், பின்னர்த் தோலையும் தசையையும் தின்னும். முயலோ வேட்டையாடப்படும் இனம். தன் வலியை வெளிக்காட்டினால் பகைக்கு இரையாகும் என்பதால், துன்பத்தை மறைப்பதே அதன் இயல்பு. நாயைப்போல் அது ஊளையிடாது. ஒரு மூலையில் கூனி அமர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு வார விடுமுறை தொடங்குவதற்கு முதல் நாள் நான் கூண்டருகே சென்றேன். நீண்ட மயிர் முயலின் பின்புறம் பழுப்பேறி நனைந்திருப்பதைக் கண்டேன். கண்டேன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அறியாமை என்னும் சமாதானம் எனக்கு இல்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு, அம்மையாரிடம், “சமயம் கிடைக்கும்போது இதைக் கொஞ்சம் கழுவி விடுங்கள்” என்று கூறிவிட்டு அலுவலகம் திரும்பினேன். அவருக்கு அன்று பதினைந்து கழிப்பறைகளும் மாடிப்படிகளும் காத்திருந்தன. விடுமுறை நாட்களில் அவருக்குப் பணியும் இல்லை, கூலியும் இல்லை. அவருக்குச் சமயம் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் காவலாளி தொலைபேசியில் அழைத்தார். முயல் உண்ணவில்லை என்றார். நான் சென்றபோது அதன் தொடையிடுக்கில் தோலே அசைவதுபோல் தோன்றியது, அசைந்தவை புழுக்கள். பழைய துண்டொன்றில் சுற்றி விலங்கு மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் மயிரை விலக்கிப் பார்த்துவிட்டு, இனித் துன்பத்தை நீட்டுவதில் பயனில்லை என்றார். ஊசி போட்டு அதன் துயரை முடித்தார். இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பு ஓர் ஈரத்துணி போதுமாயிருந்தது என்று அவர் கூறியதில் கண்டிப்பு ஏதும் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை இன்றும் சுடுகிறது.

அம்மருத்துவர் கற்பித்த முறை எளியது. நாள்தோறும் ஒருமுறையேனும் முயலைத் தூக்கிப் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நாட்களில் இருமுறை. தூக்கும்போது ஒரு கை மார்பிலும் மறுகை பின்தொடைகளின் அடியிலும் இருத்தல் வேண்டும். பிடியின்றி உதைத்தால் முதுகெலும்பே முறிந்துவிடக் கூடும். முழு உடலையும் நீராட்டலாகாது. அச்சத்தாலும் குளிராலும் அது தளர்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒட்டியதை ஊறவைத்து மெல்ல நீக்க வேண்டும். இழுத்தால் மயிரோடு தோலும் கிழியும். முயலின் தோல் அவ்வளவு மெல்லியது. பிறகு ஈரம் ஒரு துளியும் இல்லாமல் துவட்ட வேண்டும். நாய்க்குரிய உண்ணி மருந்தை முயலுக்கு இடலாகாது; அவற்றுள் சிலவற்றில் உள்ள பிப்ரோனில் என்னும் பொருள் முயலுக்கு நஞ்சு. எல்லாவற்றிற்கும் மேலாக, பிஸ்கட்டை நிறுத்திப் புல்லைக் கொடுக்க வேண்டும். கழுவுவதைக் காட்டிலும் கழுவ வேண்டாத நிலையை உண்டாக்குவதே பெரிய மருத்துவம் என்றார் அவர்.

இவ்விடத்தில் நம் பேகன் நினைவுக்கு வருகிறான். மயிலுக்குப் போர்வை அளித்த அவனை வள்ளல் என்று போற்றுகிறோம். நானும் வகுப்பறையில் உணர்ச்சியோடு போற்றியிருக்கிறேன். கொடை மடம் என்று அதனைச் சான்றோர் சிறப்பித்தனர். எனினும் போர்வை மயிலுக்கு என்ன பயன் செய்தது? அதனை உடுத்தவும் போர்த்தவும் மயில் அறியாது என்பதைப் பழம்புலவரே உணர்ந்து பாடியிருக்கின்றனர். எங்கள் பிள்ளைகளின் காரட்டும் பிஸ்கட்டும் அத்தகைய போர்வைகளே. கொடுப்பவர் நெஞ்சை அவை குளிர்வித்தன. பெற்ற உயிரைக் கொன்றன. பேகனை இழித்துரைப்பது என் நோக்கமன்று. ஒரு நாள் ஈகைக்கும் ஒவ்வொரு நாள் பேணலுக்கும் உள்ள தொலைவை அளந்து பார்க்கிறேன், அவ்வளவே. போர்வை தந்தவனைப் பாடப் புலவர் இருந்தனர். அம்மயிலுக்கு இரை வைத்தவர் எவரேனும் இருந்திருப்பின், அவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

அருவருப்பு என்பது குற்றமா? அன்று என்றே கருதுகிறேன். கெட்டதையும் நோய் பரப்புவதையும் விட்டு விலகச்செய்யும் உடலின் காவல் அது. கண்ணிமைப்பதுபோல் தானே எழுவது. அதற்காக ஒருவனைப் பழித்தல் முறையாகாது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் இளிவரலை ஒன்றாக வைத்தார். அது தோன்றும் நிலைக்களன்களாக அவர் எண்ணியவை நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மாணவப் பருவத்தில் இந்நான்கையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். முயல் இறந்த பின்னர்தான் அந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தேன். மலம் என்றோ அழுக்கு என்றோ அவர் சொல்லவில்லை. முதுமையுற்றவன், நோயுற்றவன், துயருற்றவன், வலிமை குன்றியவன் ஆகியோரின் நிலைகளையே இளிவரலின் இடங்களாகச் சொன்னார். பிறர் உதவி எங்கே மிகத் தேவையோ, அங்கேயே நம் முகமும் சுளிக்கிறது. இது மனித மனத்தின் கொடிய முரண். நம் வீடுகளில் படுக்கையில் கிடக்கும் முதியோரைப் பற்றியும் இதே சொற்களைச் சொல்லலாம். அதனை வாசகரே எண்ணிக்கொள்வர்.

திருக்குறளில் 315ஆம் குறளைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் பேணாவிடத்து அறிவினால் ஆவது என்ன என்று வள்ளுவர் வினவுகிறார். அங்கே ‘பிறர்’ என உயர்திணையில் நில்லாமல், ‘பிறிது’ என அஃறிணையால் கூறியது கருதத்தக்கது. மேலும், இரங்குதல் என்றோ வருந்துதல் என்றோ கூறாமல் போற்றுதல் என்கிறார். போற்றுதல் கைவினை, நெஞ்சில் மட்டும் நிகழ்வதன்று. முகத்தைச் சுளித்துக்கொண்டே கழுவினாலும் அது போற்றுதலே. நெஞ்சம் உருகிக் கண்ணீர் சிந்திவிட்டுக் கழுவாமற் போனால் அது வேறொன்று.

(முயல் வரும் குறள் ஒன்றும் உண்டு. காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைக்குக் குறிவைத்துத் தப்பிய வேலே சிறந்தது என்னும் அக்குறளின் எண் 772. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் எண்ணும் 772 என்பது வியப்பான தற்செயல். 2017இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், கொடுமை செய்வோர்க்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. வலியினின்றும் நோயினின்றும் காப்பது உடையவரின் கடமை என்றும் கூறுகிறது. நான் முயலை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. எனினும் அந்தக் கடமையைச் செய்தேன் என்று என்னால் சொல்ல இயலாது.)

இவ்வளவும் எனக்கு நானே கூறி ஒருவாறு அமைதியடைந்திருந்த வேளையில்தான் வேறொரு கேள்வி எழுந்தது. விடுமுறை முடிந்து பள்ளி கூடியதும் முயலின் மறைவைப் பிள்ளைகளிடம் அறிவித்தேன். இனி எஞ்சிய முயலை நாம் அனைவரும் கண்ணுங்கருத்துமாகக் காக்க வேண்டும் என்றேன். அன்று இடைவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். துப்புரவு அம்மையாரின் பேரன் அவன்.

“ஐயா, முயல் நம்ம எல்லாருடையதும்னு சொன்னீங்க. அப்போ அதைக் கழுவுறது மட்டும் ஏன் எங்க பாட்டி வேலை?”

நான் விடை கூறவில்லை. மணி அடித்தது, அவனை வகுப்புக்கு அனுப்பினேன்.

1898இல் தர்பனில் காந்தியடிகளின் இல்லத்தில் நிகழ்ந்ததைச் ‘சத்திய சோதனை’ கூறுகிறது. அவரிடம் எழுத்தராக இருந்த, பஞ்சமப் பெற்றோர்க்குப் பிறந்த கிறித்தவர் ஒருவரின் சிறுநீர்க் கலத்தைக் கஸ்தூரிபா கண்ணீரோடு எடுத்துச் சென்றார். எடுத்தால் போதாது, மகிழ்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று காந்தி சினந்து, மனைவியைக் கையைப் பிடித்து வாயில்வரை இழுத்துச் சென்றார், பின்னர் நாணினார். அருவருப்பை வெல்ல மற்றவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை, தானே கலம் சுமந்த அவருக்கும் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது. நானோ கலத்தைத் தொட்டவனும் அல்லன். என் அருவருப்பை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, அவர்க்கு அது உறைக்காது என்று எண்ணிக்கொண்டேன். பழகியவர் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். மூக்கு எல்லார்க்கும் ஒன்றுதான்.

செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தண்டவாளம் பதித்தவரும் சாலை போட்டவரும் சாக்கடை வாரியவரும் நம் முன்னோர். நகரத் துப்புரவு நம்மவர் தலையில் விடப்பட்ட காலம் ஒன்றிருந்தது. பிறர் அருவருத்த வேலையைச் செய்தவர் என்பதாலேயே அவர்கள் இழிவாக நோக்கப்பட்டதைக் கேட்டு நாம் கொதிக்கிறோம். மேடையில் நானும் கொதித்திருக்கிறேன். அவ்வேலையை ஒரு தமிழ்ப்பள்ளியின் வளாகத்திற்குள், ஒரு தமிழ் மூதாட்டியிடம், வாய்ச்சொல் ஒன்றால் தள்ளிவிட்டு நடந்தவனும் நானே. முயலின் பின்புறத்தில் இவ்வளவு வரலாறு ஒட்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பள்ளியில் முயல் வளர்க்கத்தான் வேண்டுமா என்று சில ஆசிரியர் வினவினர். நியாயமான கேள்வி. ஐபீரியத் தீபகற்பத்தின் மண்ணில் வளைதோண்டி வாழ்ந்த இனத்தை நம் வெயிலில் கம்பிக்கூண்டில் வைத்ததும், மனிதர் தம் ஆசைக்காக அதன் மயிரை நீளச் செய்ததும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாக ஒன்றை வாங்குவதற்கு இனி ஒப்பேன். ஆனால் இருக்கும் முயலைக் காட்டில் விட்டால் ஓரிரு நாளில் மடியும். நம் பிழையால் நம்மை அண்டியிருக்கும் உயிருக்கு, நம் தத்துவம் தெளியும்வரை காத்திருக்க நேரமில்லை.

முறைப் பட்டியலைத் திருத்தினோம். உணவூட்டுபவரே அன்று பின்புறத்தையும் பார்த்துத் துடைக்க வேண்டும். ஓர் ஆசிரியர் உடனிருக்க வேண்டும். பின் அனைவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். பள்ளிக்குப் பின்னால் நேப்பியர்ப் புல் நட்டோம். அம்மையாரின் பெயர் பட்டியலில் இல்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, “அதுக்கென்னங்கையா, நான்தான் மறந்துட்டேன்” என்று பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார். அதனை மறுத்துச் சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை.

வியாழக்கிழமை என் முறை. முதல் வியாழனன்று அந்தப் பையனே உடன் வந்தான். முயலை எடுத்தேன், வாடை எழுந்தது, முகம் தானாகத் திரும்பிற்று. அவன் என் கையைப் பார்த்துவிட்டு, “ஐயா, பின்காலுக்கு அடியில தாங்கிப் பிடிங்க” என்றான்.