டீக்கடையில் ஒரு மௌனம்

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையை ஒட்டியது. காலை ஆறரை மணிக்கு அங்குள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் வாய்விட்டுப் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் மந்திரி முதல் தலையாரி வரை ஒருவரையும் விடாமல் கண்டித்துப் பேச, பேச்சு சுவாரசியத்தில் பால் பொங்கிவிட்டதே என்று கடைக்காரர் அங்கலாய்க்க, யாதொரு அச்சமுமின்றி ஒரு மணி நேரத்தைப் போக்குவது என் நெடுநாளைய வழக்கம். காலை வெயிலுக்கு நன்றி சொல்லாதது போலவே, இந்த ஒரு மணி நேரத்துக்கும் நான் ஒருநாளும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

சென்ற மார்கழியில் எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் லீவில் வந்திருந்தான். மதராஸ் ரெஜிமெண்டில் நாயக். அவனும் அந்த பெஞ்சில் வந்து உட்காருவான். கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, சூடு ஆறும்வரை குடிக்காமலே வைத்திருப்பான். குளிர்ப்பிரதேசத்தில் பழகிய கைகள் போலும். சர்ச்சை முற்றியிருந்த ஒருநாள், "நீ என்னப்பா சொல்றே? நாலு தேசம் பார்த்தவனாச்சே!" என்று கேட்டேன். "நாங்க அதெல்லாம் பேசக் கூடாது மாமா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அவன் டம்ளருக்குள் பார்க்கலானான்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அன்றிரவு அரசியல் சாசனத்தைப் புரட்டினேன். பேச்சுரிமையும் சங்கம் சேரும் உரிமையும் 19-ஆவது ஷரத்தில் நம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டிருக்க, அவற்றைப் படையினர் விஷயத்தில் சுருக்கிக்கொள்ளும் அதிகாரத்தை 33-ஆவது ஷரத்து பார்லிமெண்டுக்குக் கொடுக்கிறது; 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அரசியல் சங்கங்களில் சேர்வதையும், கூட்டங்களுக்குப் போவதையும், பத்திரிகைகளுக்கு எழுதுவதையும் கட்டுப்படுத்துவதற்கு வழி செய்கிறது. இதில் அநியாயம் இருப்பதாக நான் கருதவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் அரசியல் பேசத் தொடங்கிய தேசங்களில், துப்பாக்கி ஏந்தாதவர்கள் எல்லோரும் வாய்மூட நேர்ந்ததை நம் அண்டை நாடுகளின் சரித்திரமே சொல்லும். ஆயினும் நான் டீயோடு சேர்த்துத் தினந்தோறும் பருகுகிற ஒன்றை, அதன் எல்லைக்குக் காவல் நிற்பவன் தொடாமல் வைத்திருக்கிறான் என்பது, ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரியவந்தது.

சுதந்திரத்தைச் சிப்பாய்தான் தருகிறான் என்று மேடைகளில் முழங்குகிறார்களே, அதுவும் எனக்குச் சம்மதமில்லை. உள்ளே அதைப் பேணுவதற்கு நீதிமன்றமும் வாக்குச்சீட்டும் டீக்கடை வம்பும் வேண்டும். அவை நிம்மதியாக நடப்பதற்கு வேண்டிய எல்லையைத்தான் அவன் காக்கிறான்.

இப்படிக் காக்கப் போய் மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வயல்வரப்புகளிலும் ஏராளம். பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறித்தவை பலவற்றைத் தொல்லியல் துறையினர் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். எழுத்தறியாத எங்கள் ஜனங்களோ அவற்றை வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்து வணங்கி வந்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் பலவற்றில் வில்லும் கையுமாக நிற்பவன், ராஜ்யம் பிடிக்கப் போய் மாண்டவன் அல்லன். பகைவர் ஓட்டிச் சென்ற மாடுகளை மீட்கப் போய் மாண்டவன். மாடு என்றால் மறுநாள் காலையில் வீடுகளில் காய வேண்டிய பால், குழந்தைக்குக் கரைக்க வேண்டிய மோர்ச்சோறு. அந்தச் சாமானியமான காலைப்பொழுதின் பொருட்டு உயிர் கொடுத்தவனுக்குக் கல் நட்ட முன்னோர், அன்றாடத்தின் விலையை நம்மினும் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய காவலுக்கு வருவோம். 1984 ஏப்ரல் முதல் சியாச்சின் பனிமலையில் நம் படை நிற்கிறது. அங்கே குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவுமே அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, ஏறக்குறைய 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையில் பனி சரிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு தோண்டியெடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி டில்லியில் இறந்துபோனார். பத்துப் பேரில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வாரம் எங்கள் பெஞ்சில் அதைப் பற்றிப் பேசியிருப்போம். ஆனால் என்ன பேசினோம் என்பது எனக்கு ஞாபகமில்லை.

அவர்களுக்கு நாம் செய்வது என்ன? 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதியைக் கொடி நாளாகக் கொண்டாடுகிறோம். சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமுமான அந்தக் காகிதக் கொடியை நானும் வருஷந்தோறும் சட்டையில் குத்திக்கொண்டவன்தான். குண்டூசி துருவேறி, சட்டைப்பையில் புள்ளியாகக் கறை படிந்ததும் உண்டு. உண்டியலில் போட்ட காசு உரியவர்களுக்கு உபயோகப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கறை போக வெளுத்தபின் அடுத்த டிசம்பர் வரை அந்த நினைவும் போய்விடுகிறது.

லீவு முடிந்து புறப்படுவதற்கு முந்தின நாள் அந்தப் பிள்ளை என்னைத் தேடி வந்தான். தன்னோடு பணியாற்றி இறந்துபோன ஒருவரின் மனைவி பக்கத்துக் கிராமத்தில் இருப்பதாகவும், அவளுடைய பெயர் பென்ஷன் உத்தரவில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருப்பதால் பணம் நின்றுபோய் எட்டு மாதமாகிறதென்றும் சொன்னான். வித்தியாசம் ஓர் எழுத்து. கடைசியில் ஒரு 'ள்' இல்லை. "பார்ட் டூ ஆர்டர்னு எங்க ஆபீஸ் பதிவு, அதுலயே தப்பா ஏறிடுச்சு மாமா. நாங்க இதப் பேப்பருக்கு எழுத முடியாது. நீங்க எழுதலாம், போய்க் கேக்கலாம், சண்டை போடலாம்" என்றான். குரலில் குறையில்லை; தன்னிடம் இல்லாத கருவியொன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்கிறவனைப் போலக் கேட்டான்.

அந்த அம்மாளோடு பென்ஷன் ஆபீசுக்கு இதுவரை மூன்று முறை போய்விட்டு வந்தேன். முதல் முறை, சம்பந்தப்பட்ட குமாஸ்தா விடுப்பு. இரண்டாம் முறை, இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கு நோட்டரி பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். மூன்றாம் முறை அதைக் கொடுத்தபோது, இவள் உயிரோடிருப்பதற்கான நவம்பர் மாதத்துச் சான்று எங்கே என்றார்கள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள், "நான்தாங்க அது" என்றாள். வேறு யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டீக்கடையில் இருபது வருஷமாக இலவசமாய்ச் செலவழித்து வந்த குரலை, அன்று அந்த மேஜைக்கு முன்னால் சற்று உரக்கவே உபயோகித்தேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழே காலுக்கு பஸ்.