கேட்காத கேள்வி

பழைய கம்ப்யூட்டர் விற்பவர் எதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்? கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. கேட்காவிட்டால்?

1972இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது எங்கள் பினாங்கில், பாயான் லெப்பாஸில்தான். இங்கே பல வீடுகளில் ஒரு அம்மாவோ அத்தையோ அந்தப் பேட்டையில் ஷிப்ட் பார்த்தவர். அவர்களுக்கே ஒரு பழைய லேப்டாப்பை எதை வைத்து மதிப்பிடுவது என்று தெரியாது. நான் அங்கே இன்ஜினியர் என்பதால் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் ஒரு அக்காவோடு ஜார்ஜ் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பாலிடெக்னிக் சேரும் மகளுக்கு வாங்க வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10, 650 வெள்ளி. "நல்லா ஓடும்க்கா" என்றார் கடைக்காரர். பொய்யில்லை, ஓடியது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறுவது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இதை அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. இப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாதே.

நான் எடுத்துச் சொன்னதும் கடைக்காரர் கோபப்படவில்லை. "எல்லாத்தையும் சொன்னா யாரு வாங்குவா தம்பி? கடை வாடகை யாரு கட்டுறது?" என்றார். நியாயமான கேள்விதான். பழைய கேள்வியும்கூட.

கி.மு. 44இல் சிசரோ எழுதிய 'கடமைகள்' நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியத்தோடு வந்து சேர்ந்த வணிகருக்கு, பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது தெரியும். சொன்னால் விலை இறங்கும். சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், சும்மா இருப்பது மறைப்பதாகாது என்கிறார் டயோஜனிஸ். விற்பவருக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும் என்கிறார் அவர் மாணவர் ஆண்டிபேட்டர்.

எனக்கு இங்கே உதவுவது வள்ளுவர். வாணிகம் பற்றிய குறளை அவர் வாய்மை அதிகாரத்தில் வைக்கவில்லை, நடுவுநிலைமையில் வைத்தார். அப்படியென்றால் 'பொய் சொன்னேனா?' என்று கேட்டுக்கொண்டால் போதாது. 'அந்தப் பக்கம் நான் நின்றிருந்தால்?' என்றும் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கம் நின்றால் கொள்முதல் விலையையும்தான் அறிய ஆசைப்படுவேன். ஆனால் அது தெரியாததால் நான் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள் மாறிவிடாது. அப்டேட் நின்றதும், பேட்டரி செத்ததும் அப்படியில்லை. அவை தெரியாவிட்டால், நான் வாங்கியதாக நினைக்கும் பொருள் ஒன்று, கையில் இருப்பது வேறு. கோடு அங்கே விழுகிறது என்று நினைக்கிறேன்.

வாடகைக்கும் ஒரு பதில் உண்டு. 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லோஃப் பழைய கார் சந்தையை வைத்துக் காட்டியது இதுதான்: நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லாவற்றுக்கும் குறைத்தே விலை கேட்பார்கள், கடைசியில் நல்ல பொருள் சந்தையை விட்டுப் போய்விடும். மௌனம் நேர்மையான கடைக்காரரின் வாடகையிலும் கை வைக்கிறது. உண்மையைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்பதும் இல்லை. அந்த அக்கா அதே லேப்டாப்பைத்தான் 480 வெள்ளிக்கு வாங்கினார். அதில் லினக்ஸ் ஓடுகிறது.

ஒரு ஹார்ட் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை அதுவே குறித்து வைத்திருக்கும். அதைப் படிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும், அக்காவுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. அதனால் நாங்கள் இருவரும் ஒரே பழைய டிஸ்க்கை விற்றாலும் எங்கள் கடமை ஒன்றல்ல. எனக்குத் தெரிந்த அளவுக்கு நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.